நம் வீட்டு வாணலியில் சத்துணவு

(குடும்ப நலத் துண்டுப் பிரசுர வரிசை: கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)

 

காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆண்கள் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்க்க மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிய கூட்டம் என்றாலே, "அது பொம்பளைங்க சமாசாரம்" என்று திண்ணையிலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் இன்று பேசப்போவது அடுப்படி விஷயம்தான். ஆனால் அதில் பாதி ஆண்களுக்கு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பரிசோதனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் என்னிடம் கேட்டாள்: "சிஸ்டரம்மா, டவுன் கடையில கிரானோலான்னு ஒரு பெட்டி விக்குது. அதைச் சாப்பிட்டா உடம்புக்கு ரொம்ப சத்தாமே. வாங்கலாமா?"

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? ஓட்ஸ் என்கிற தானியம், பாதாம் போன்ற பருப்பு, சில விதைகள். இவற்றைத் தேனோ சர்க்கரையோ விட்டுக் கலந்து, சூட்டில் மொறுமொறுப்பாக வாட்டியிருக்கிறார்கள். கெட்ட பண்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில பெட்டிகளில் சர்க்கரை அதிகம். பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம்.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "உங்க வீட்டில கேழ்வரகு இருக்கா? நிலக்கடலை இருக்கா? வெல்லம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு, சிஸ்டர்."

"அப்புறம் பெட்டி எதுக்கு?"

தானியத்தை வறுப்பது, அதோடு பருப்பையும் கடலையையும் சேர்ப்பது, வெல்லப் பாகில் பிடிப்பது, இதெல்லாம் நம் பாட்டிமார்களின் கைப்பழக்கம். பொரிவிளங்காய் உருண்டை பிடித்த ஊர் இது. அந்தப் பழக்கத்தை அளவோடும் சுத்தத்தோடும் செய்வது எப்படி, செய்ததை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

மூன்றும் சேர்ந்தால்தான் முழுச் சத்து

தானியம், பயறு, கடலை என மூன்றும் சேர வேண்டும். ஏன் மூன்று?

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை போன்ற தானியங்கள் உழைக்கத் தெம்பு கொடுக்கும். அவற்றிலும் புரதச் சத்து உண்டு. ஆனால் அந்தப் புரதத்தில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை பயறு பருப்பில் கிடையாது. பயறில் இருக்கும் வேறொரு குறையைத் தானியம் சரிக்கட்டிவிடும். ஒருவர் குறையை மற்றவர் தாங்குவது நல்ல குடும்பத்துக்கு அடையாளம் அல்லவா? தட்டிலும் அப்படித்தான்.

மூன்றாவது, நிலக்கடலை. 100 கிராம் கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. எண்ணெய்ச் சத்தும் இருப்பதால், கொஞ்சம் தின்றாலும் நிறையத் தெம்பு கிடைக்கும். கேழ்வரகுக்குத் தனிப் பெருமை உண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், மெலிந்துபோன குழந்தைகளுக்காக ஒரு கலவையை வகுத்தது. கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். ஆக மொத்தம் 86 கிராம். இதில் 330 கலோரி சக்தியும் 11 கிராம் புரதமும் இருக்கின்றன. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, தானியம், பச்சைப்பயறு, நிலக்கடலை, வெல்லம் சேர்த்து "குழந்தை அமுது" என்ற கலவையைத் தந்தது. 1980-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைகளுக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். பெரியவர்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். நாலாம் மாதத்துக்கு மேல் ஒரு கர்ப்பிணிக்கு, வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாக வேண்டும். ஐதராபாத் கலவை ஒரு பங்கில் கிடைப்பது 330. அந்த ஒரு பங்கை இரண்டு உருண்டையாகப் பிடித்து, தினமும் இரண்டு உருண்டை தின்றால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. கோதுமைக்குப் பதில் கேழ்வரகு போட்டால் புரதம் சற்றுக் குறையும். சுண்ணாம்புச் சத்து கூடும்.

இருபது உருண்டை செய்யும் முறை

இது ஒரு கர்ப்பிணிக்குப் பத்து நாளைக்கான அளவு.

கேழ்வரகு 400 கிராம்
பொட்டுக்கடலை 160 கிராம்
நிலக்கடலைப் பருப்பு 100 கிராம்
வெல்லம் 200 கிராம்
சுக்கு, ஏலக்காய் கொஞ்சம்

கேழ்வரகு இல்லாத ஊரில் கம்பு, சோளம், கோதுமை, புழுங்கல் அரிசி எது கிடைக்கிறதோ அது. பொட்டுக்கடலை இல்லையென்றால் பாசிப்பயறு. அளவு மட்டும் மாற வேண்டாம்.

கேழ்வரகை முளைகட்டிக்கொள்வது மிக நல்லது. கல், மண் போக நன்றாக அரித்து, இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இடையிடையே நல்ல தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். புளித்த வாடையோ பூசணமோ கண்டால் அந்தத் தானியம் வேண்டாம். நன்றாக இருந்தால் வெயிலில் பரப்பி, கையில் அள்ளினால் சலசலக்கிற அளவுக்குக் காயவையுங்கள். பிறகு கசக்கி, முறத்தில் புடைத்தால் முளை போய்விடும். அரைக் கிலோ கேழ்வரகு வாங்கினால் காய்ந்து வரும்போது ஏறத்தாழ 400 கிராம் நிற்கும்.

இனி வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். ஒன்று கருகும், இன்னொன்று பச்சையாக நிற்கும். தனித்தனியாக, சிறு தீயில், கைவிடாமல் வறுக்க வேண்டும். கேழ்வரகு படபடவென்று பொரிந்து மணம் வந்தால் போதும். பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்ததுதான். சூடு காட்டினாலே போதும். பாசிப்பயறு என்றால் பொன்னிறம் வரட்டும்.

நிலக்கடலை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வறுப்பதற்கு முன்பே தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் எறியுங்கள். பூசணம் பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் விஷம் உண்டாகிறது. வறுத்தாலும் அது முழுவதும் போகாது. "நாலு கடலைதானே" என்று பார்க்காதீர்கள். அதை மாட்டுக்கும் வைக்காதீர்கள். பாலிலும் அந்த விஷம் இறங்கும். நல்ல கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து ஊதிவிடுங்கள்.

எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் மாவு வேர்த்து, சீக்கிரம் கெடும். மாவு மில்லுக்குத் தானியத்தையும் பொட்டுக்கடலையையும் மட்டும் கொடுங்கள். கடலை எண்ணெய் விட்டு மெஷினில் ஒட்டிக்கொள்ளும். அதை வீட்டிலேயே உரலிலோ மிக்சியிலோ பொடித்துக்கொள்ளலாம். மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். குழந்தைக்கும் சேர்த்து அரைக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் உருட்ட வர வேண்டும். அதுதான் பதம். இறக்கி, சுக்கு ஏலக்காய் சேர்த்து, மாவையும் கடலைப் பொடியையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் இருபது உருண்டையாகப் பிடியுங்கள். மாவு உதிர்ந்தால் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக்கொள்ளலாம். ஈரமில்லாத டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் கடலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனையில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லப்பட்ட கர்ப்பிணிகள் இந்த வெல்ல உருண்டையைத் தின்ன வேண்டாம். அதே மாவை வெல்லமில்லாமல் எவ்வளவு, எப்போது சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உருண்டை யார் வயிற்றுக்குப் போனது?

இப்போது ஆண்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே சோகை என்கிறோம். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி, இந்த உருண்டையையும் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் வாரம் திரும்பிப் போனேன். எடை ஏறவே இல்லை.

"உருண்டை செஞ்சியாம்மா?"

"செஞ்சேன் சிஸ்டர். நாலே நாள்ல தீந்துபோச்சு."

"நாலு நாளிலயா? யார் சாப்பிட்டது?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். காட்டுக்குப் போகும்போது வீட்டுக்காரருக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு. மாமனாருக்கு ஒன்று. பெரிய பையனும் பொண்ணும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆளுக்கு ஒன்று. நாலு நாளில் இருபதும் முடிந்துவிட்டது.

"நீ?"

"டப்பா அடியில உதிர்ந்தது இருந்துச்சு, அதைத் தின்னேன். புள்ளைங்க கேக்குதுங்க. அவருக்கும் கஷ்டமான வேலை. குடுக்காம எப்படி சிஸ்டர்?"

அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவளும் தின்னிருப்பான்னுதாங்க நெனச்சேன்."

அவர் கெட்டவர் இல்லை. கேட்காமல் விட்டார், அவ்வளவுதான். நம் வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். மிச்சம் இருந்தால் உண்டு. இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கை. இதை யாரும் கட்டளையிட்டுச் செய்யவில்லை. பழக்கமாகிவிட்டது. ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அதற்குத் தாய் தின்பதுதான் சாப்பாடு.

அடுத்த முறை நான் போனபோது அந்த வீட்டில் இரண்டு டப்பா இருந்தன. பெரியது வீட்டுக்கு. சின்ன எவர்சில்வர் டப்பா அவளுக்கு. அதில் அவளுடைய இருபது. காலையில் காட்டுக்குக் கிளம்பும் முன் அவரே ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, தின்ற பிறகுதான் கிளம்பினாராம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தானே அழைத்து வந்து இரும்புச் சத்து ஊசி போட வைத்தார். பிள்ளை பிறந்தபோது எடை 2 கிலோ 800. உருண்டைதான் இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை, ஊசி, ஓய்வு எல்லாம் சேர்ந்து செய்தது. ஆனால் இவை எல்லாம் தொடங்கியது அந்தச் சின்ன டப்பாவில்தான்.

உருண்டை சோகைக்கு மருந்து ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெல்லத்தில் இரும்புச் சத்து கொட்டிக்கிடக்கிறது என்று நம்பி மாத்திரையைப் பரணில் போடாதீர்கள். நாலாம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின் மீண்டும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். காபி, டீ, பாலோடு அதை விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளையில்தான் சாப்பிட வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்றவை இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும்.

கைக்குழந்தைக்கு அதே மாவு

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். தாய்ப்பால் இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

முளைகட்டிய கேழ்வரகின் அருமை இங்கேதான் தெரியும். சாதாரண மாவில் கூழ் காய்ச்சினால் களியாக இறுகிவிடும். குழந்தைக்கு விழுங்க வராது. அதனால் அம்மா தண்ணீர் விட்டு நீர்க்கக் காய்ச்சுகிறாள். குழந்தையின் வயிறு சின்னது, தண்ணீரிலேயே நிறைந்துவிடுகிறது. "நல்லாத்தான் குடிக்குது, ஆனா உடம்பு தேறலையே" என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தானியம் முளைக்கும்போது, மாவுச் சத்தை உடைக்கும் பொருள் அதிலேயே உண்டாகிறது. அதனால் அதிக மாவு போட்டாலும் கூழ் இறுகாமல் நெகிழ்வாக இருக்கும். ஒவ்வொரு கரண்டியிலும் சத்து கூடுகிறது.

முன்சொன்ன அளவில் வெல்லம் மட்டும் இல்லாமல் மாவைத் தனியாக எடுத்துவையுங்கள். கடலையை நைசாகப் பொடித்து, சலித்துச் சேருங்கள். இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் வேகவையுங்கள். இறக்கி, ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக இறங்க வேண்டும்.

முதலில் இரண்டு மூன்று கரண்டி. எட்டு மாதம் முடிவதற்குள் அரைக் கிண்ணம் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நாலு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம். இந்த மாவு மட்டும் போதாது. மசித்த சாதம் பருப்பு, கீரை, முட்டை, பழம் எல்லாம் முறை வைத்துக் கொடுங்கள்.

ஒரு வயதுக்குள் உப்பு சேர்க்கத் தேவையில்லை. தேன் கூடவே கூடாது. அதிலிருந்து குழந்தைக்கு ஆபத்தான நோய் வரக்கூடும். இரண்டு வயது வரை வெல்லமும் சர்க்கரையும் போடாமல் பழக்குங்கள். இனிப்புக்கு வாழைப்பழம் மசித்துப் போடலாம். கடலை சேர்ந்த மாவை முதல் முறை கொடுக்கும்போது பகல் வேளையில் துளிதான் கொடுக்க வேண்டும். உடம்பில் தடிப்பு, முகத்தில் வீக்கம், இழுப்பு கண்டால் உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடிக்கடி கரப்பானோ இழுப்போ வருகிற குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பால் புட்டியைத் தொட வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சிய கூழை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்காதீர்கள்.

காட்டுக்கு எடுத்துப்போக ஒரு கலவை

பட்டணத்துக் கிரானோலாவுக்கு ஜோடியாக நாம் செய்யக்கூடியது இது. உருண்டை பிடிக்க நேரம் இல்லாதவர்களுக்கு வசதி. கெட்டி அவல் அரைக் கிலோ, நிலக்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், வெல்லம் 150 கிராம். அவலைச் சிறு தீயில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை வறுக்கவும். மற்றவற்றைத் தனித்தனியாக வறுக்கவும். வெல்லப் பாகு உருட்டும் பதம் வந்ததும் இறக்கி, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் கொட்டி வேகமாகக் கிளறித் தாம்பாளத்தில் பரப்பவும். ஆறினால் மொறுமொறுவென்று இருக்கும். உடைத்து டப்பாவில் போடுங்கள். ஒரு கை அள்ளித் தின்று தண்ணீர் குடித்தால், பத்து மணி டீயும் பன்னும் தேவைப்படாது.

ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் இதைக் கொடுக்காதீர்கள். முழுக் கடலை மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்குப் பொடித்ததுதான்.

நீங்கள் வழக்கமாகக் கேட்பவை

"நிறையச் சாப்பிட்டா வயித்துப் புள்ளை பெருசாகி, பிரசவம் கஷ்டமாயிடுமாமே?" என்று மாமியார்மார் கேட்கிறார்கள். கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ எடை கூடுவது நல்லது. குறைவாகத் தின்றால் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கும். தாய்க்கும் பிரசவ வலியைத் தாங்கத் தெம்பு இருக்காது. 2½ கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குத்தான் கஷ்டம் அதிகம்.

"எள்ளு தின்னா கரு கலைஞ்சிடும்னு சொல்றாங்களே?" சமையலில் சேர்க்கும் அளவு எள்ளால் கரு கலைவதில்லை. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும் என்றால் எள்ளை விட்டுவிட்டுக் கடலையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எள்ளுக்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

"அங்கன்வாடியில சத்து மாவு குடுக்கிறாங்களே, அது போதாதா?" நல்ல மாவு அது. தவறாமல் வாங்குங்கள். ஆனால் சில வீடுகளில் அந்தப் பாக்கெட்டைப் பிரித்துக் கன்றுக்குட்டிக்குக் கலக்குகிறார்கள். கர்ப்பிணிக்குக் கொடுத்ததைக் கர்ப்பிணியும், குழந்தைக்குக் கொடுத்ததைக் குழந்தையும் சாப்பிட வேண்டும். வீட்டு மாவு அதற்குத் துணை.

கணவன்மார்களுக்கு

கேழ்வரகு ஊறவைப்பது முதல் உருண்டை பிடிப்பது வரை எல்லாம் அவள் தலையில் விழுந்தால், இரண்டாவது மாதமே இந்த வழக்கம் நின்றுபோகும். வயிற்றுப் பிள்ளையோடு அடுப்பு முன் நின்று இரண்டு மணி நேரம் வறுக்க முடியாது. வறுக்கிற கை உங்களுடையதாக இருக்கட்டும். மில்லுக்குத் தூக்கிப்போவதும் உங்கள் வேலை. சந்தைக்குப் போகும்போது அரைக் கிலோ கடலை கூடுதலாக வாங்குவதும் உங்கள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரி ஒரு தடவை கேளுங்கள்: "நீ சாப்பிட்டியா?" மாத்திரையைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு பிள்ளையைச் சுமந்து, பெற்று, பால் கொடுத்த உடம்பு தேறுவதற்கு நாளாகும். மூத்தது இடுப்பில் இருக்கும்போதே அடுத்தது வயிற்றில் வந்துவிட்டால், எத்தனை உருண்டை தின்றாலும் அந்தத் தாய்க்குப் பற்றாது. மூத்த பிள்ளையின் தாய்ப்பாலும் சாப்பாடும் குறையும். இரண்டு பிரசவத்துக்கு நடுவே மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். அதற்கு நிரோத் இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இவை இலவசம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

1. தானியம் 400, பொட்டுக்கடலை 160, நிலக்கடலை 100, வெல்லம் 200 கிராம். இருபது உருண்டை, பத்து நாள்.
2. பூசணக் கடலை வீட்டில் யாருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.
3. தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து அரைக்கவும். டப்பாவில் ஈரம் படக் கூடாது.
4. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த பிறகு, வெல்லமில்லாத மாவுக் கூழ். தாய்ப்பால் தொடரட்டும்.
5. கர்ப்பிணிக்குத் தனி டப்பா. இரும்புச் சத்து மாத்திரை தினமும்.
6. ஐந்து வயதுக்குள் முழுக் கடலை கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது.
7. அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷ இடைவெளி.

நேரமாகிவிட்டது. கைக்குழந்தைகள் தூங்க ஆரம்பித்துவிட்டன. இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இரண்டு கை கேழ்வரகை அரித்து ஊறவைத்துவிட்டுப் படுங்கள். முதல் தடவை கொஞ்சமாக முளைகட்டிப் பார்த்தால் கை பழகிவிடும். அடுத்த மாதம் நான் வரும்போது உங்கள் வீட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வேன். அதில் யாருக்கு எத்தனை என்றும் கேட்பேன். அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.